பழைய ரோலண்ட் ஜேவி-1080: கச்சேரிக்கும் கும்மிப் பாட்டுக்கும் இன்னும் தாங்குமா?

கொடுமுடி_கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர்ப்பக்கம் ஒரு மெல்லிசைக் குழு நின்னு போச்சு. அவங்க சாமானத்தையெல்லாம் விக்கறாங்க. அதுல ரோலண்ட் ஜேவி-1080 ஒண்ணு இருக்குதுங்க. கட்டைகள் இல்லாத வெறும் பெட்டி, வேற கீபோர்டை இணைச்சு வாசிக்கற சத்தப் பெட்டி, 1994-ல வந்த மாடல். 14,000 சொல்றாங்க, கொஞ்சம் கொறைப்பாங்கன்னு தோணுது.

என்கிட்ட யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 கீபோர்டு இருக்குது. கோயில் நோம்பி, அதாவது திருவிழாக் கச்சேரிக்கு வாசிக்கறேன், வள்ளி கதையைப் பாடி ஆடற வள்ளி கும்மிக் குழு ஒண்ணுக்குப் பின்னணி டிராக்கும் பண்ணித் தர்றேன். அந்தப் பெட்டியை ஒருக்கா ஹெட்போன்ல கேட்டேன். வால்யூம் திருகை அமுக்கினா தானா வாசிச்சுக் காட்டுது. அந்த ஸ்ட்ரிங்ஸும் (வயலின் கூட்டம்) பேடும் (பின்னாடி நீளமா இழுக்கற சத்தம்) கேட்டுட்டு ராத்திரி தூக்கமே வரலைங்க. சின்ன வயசுல நோம்பி மேடைக்குக் கீழ உக்காந்து கேட்ட அதே சத்தம்.

கேள்வி மூணு. இத்தனை வருஷப் பழசை நம்பி வாங்கலாமா? நாதஸ்வரம், பம்பை, தப்பட்டை மாதிரி நம்ம சத்தமெல்லாம் இதுல எடுக்க முடியுமா? என் யமஹாவோட இணைக்க முடியுமா?


பவானிக்கரை:

தம்பி, இந்தப் பெட்டியை நான் 1996-ல இருந்து வெச்சிருக்கறேன். அந்தியூர்ல இருந்து தாராபுரம் வரைக்கும் எத்தனை மேடை ஏறியிருக்குமுன்னு கணக்கே இல்ல. அதனால கொஞ்சம் நீட்டமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கணும்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். உள்ளே இருக்கற மொத்த ஒலிச் சேமிப்பு 8 எம்பி. ரெண்டு எம்பி3 பாட்டை விடச் சின்னது. அந்த 8 எம்பிக்குள்ள 448 அலைவடிவம் வெச்சிருக்கறாங்க. இத்தனை சின்ன இடத்துல ஒரு வயலின் கூட்டத்தை அடக்கணும்னா, ஒவ்வொரு துண்டையும் தேய்ச்சுத் தேய்ச்சுத் தேவையில்லாததை எல்லாம் வெட்டித்தான் ஆகணும். அப்படி வெட்டினதுதான் மேடையில நமக்கு உதவுது. இன்னைக்கு வர்ற பெரிய பெரிய ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் தனியாக் கேட்டா நெம்ப அழகா இருக்கும். பாடகர் வந்து நின்னதும் அவரை மூடிப் போடும். ஜேவி ஸ்ட்ரிங்ஸ் பாடகருக்குப் பின்னாடி தானா ஒதுங்கி நிக்கும். மிக்ஸர்ல சத்தத்தைத் திருத்தற ஈக்யூவைத் தொட வேண்டியதே இல்ல.

ஒரு பேட்ச்சுல, அதாவது சேமிச்சு வெச்ச ஒரு சத்தத்துல, நாலு டோன் (தனித்தனி ஒலி அடுக்கு) வரைக்கும் அடுக்கலாம். ஒவ்வொரு டோனுக்கும் ஒலியை வடிகட்டற தனி ஃபில்டர், எழும்பி அடங்கறதை அமைக்கற தனி என்வலப், மெதுவா ஆட்டி நடுக்கம் தர்ற ரெண்டு எல்எஃப்ஓ. ரெண்டு டோனை ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டு ரிங் மாடுலேட்டர் வழியா அனுப்பற வசதியும் இருக்கு. உக்காந்து செதுக்கறவனுக்கு இது வத்தாத கிணறு. என் பேட் ஒண்ணை 2001-ல அமைச்சேன். இன்னும் அதைத்தான் விருத்தம் பாடறப்ப பிடிச்சுக்கிட்டிருக்கறேன்.

இப்பக் குறை. எல்லாரும் முதல் வாரமே வந்து முட்டிக்கற சுவர் ஒண்ணு இருக்கு. பேட்ச் மோடுல தனியா வாசிக்கறப்ப எலக்ட்ரிக் பியானோ தேன் மாதிரி சொட்டும். அதையே 16 பார்ட் (தனித்தனி வாத்தியம்) ஒரே நேரத்துல ஓடற பெர்ஃபார்மன்ஸ் மோடுல போட்டா சப்புன்னு ஆயிடும். பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்காதே. ஈஎஃப்எக்ஸ்னு 40 வகை எஃபெக்ட் இருக்குது, ஆனா ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். 16 பார்ட்டுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு. அதைத் தவிர பொதுவா ஒரு கோரஸ் (சத்தத்தைக் கூட்டமாக் காட்டறது), ஒரு ரிவெர்ப் (எதிரொலி). அந்த ஒரு ஈஎஃப்எக்ஸை எந்தப் பார்ட்டுக்குத் தர்றதுன்னு நீதான் முடிவு பண்ணணும். 'ஈஎஃப்எக்ஸ் சோர்ஸ்'னு ஒரு இடம் இருக்கு, அங்கே பார்ட் நம்பரைக் குடுத்தா அந்தப் பேட்ச்சோட எஃபெக்ட் அப்படியே வந்துரும். மத்ததெல்லாம் பச்சையா நிக்கும்.

நான் என்ன பண்றேன்னா, ஈஎஃப்எக்ஸை எப்பவும் ஆர்கனுக்கோ எலக்ட்ரிக் பியானோவுக்கோதான் குடுப்பேன். ஸ்ட்ரிங்ஸுக்கு ரிவெர்ப் மட்டும் போதும். பின்னாடி மெயின் ஜோடி போக இன்னும் ரெண்டு ஜோடி அவுட்புட் இருக்கு. பேஸை அதுல தனியா எடுத்து மிக்ஸருக்குத் தாட்டி விட்டுருவேன்.


கரூர்_பேஸ்:

அண்ணா சொன்ன பேஸ் விஷயம் நெசமுங்க. தனி அவுட்ல எடுத்தாத்தான் அடி கேக்குது. மெயின்ல ரிவெர்போட சேந்து வந்தா மேடைக்குக் கீழ குழம்பிடுது.


கோவை_காயில்:

வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் திருப்பிப் போடுங்க. பின்பக்கம் கரண்ட் வயர் நுழையற இடத்துக்குப் பக்கத்துல வோல்டேஜ் எழுதியிருக்கும். அதைப் படிக்காம பணத்தை எடுக்காதீங்க.

இந்த மாடல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வோல்டேஜ்ல வந்தது. உள்ளே இருக்கறது பழைய மாதிரி டிரான்ஸ்ஃபார்மர். இப்ப வர்ற அடாப்டர் மாதிரி 100-ல இருந்து 240 வரைக்கும் எதைக் குடுத்தாலும் தாங்காது. ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட்ஹேண்ட்னா 100 வோல்ட், அமெரிக்கப் பீஸ்னா 117. அதை நம்ம 230-ல நேரா சொருகினா கதை முடிஞ்சது. போன வருஷம் என் பெஞ்சுக்கு அப்படி ஒண்ணு வந்தது. சொருகினவருக்கு ரெண்டு செகண்ட் டிஸ்ப்ளே எரிஞ்சிருக்கு, அப்புறம் கருகின வாசம். டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, கூட பவர் போர்டுல ரெகுலேட்டரும் போச்சு. மாத்திக் குடுத்தேன், ஆனா அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியல. அப்பன் வாங்கிக் குடுத்த பெட்டியாம்.

100 வோல்ட் பீஸா இருந்தா பயப்பட வேண்டாம். கணபதி, பீளமேடு பக்கம் வைண்டிங் பண்றவங்க யாராவது செஞ்சு குடுப்பாங்க. கேக்கற விதம் முக்கியம். "230 பிரைமரி, 100 செகண்டரி, 50 விஏ, டபுள் வைண்டிங், லோடுல 100 நிக்கணும்"னு சொல்லுங்க. ஒரே காயில்ல நடுவுல டேப் எடுத்துத் தர்றது விலை கம்மி, ஆனா அதுல காயில் அறுந்தா 230 அப்படியே பெட்டிக்குள்ள போயிடும். மைக் பிடிச்சு நிக்கற ஆளுக்கும் அது ஆபத்து. ரெண்டு காயிலும் தனித்தனியா இருக்கட்டும்.

இன்னொண்ணு. மோட்டார் ஓடாத நேரத்துல தோட்டத்து லைன்ல 250 வரும். அப்ப உங்க 100 வோல்ட் 108-ஐத் தாண்டிரும். முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் வெச்சுக்கங்க.


கொடுமுடி_கீபோர்டு:

அண்ணா, இதைப் படிச்சுட்டு அங்க போய்ப் பாத்தேனுங்க. 100 வோல்ட்தான்! அவங்க ஒரு சின்ன இரும்புப் பெட்டி டிரான்ஸ்ஃபார்மர்ல மாட்டித்தான் வெச்சிருக்காங்க, நான் அதைக் கவனிக்கவே இல்ல. வெறும் பெட்டியை மட்டும் தூக்கிட்டு வந்திருந்தா அன்னைக்கே எரிச்சிருப்பேன். கோடி நன்றிங்க.


பொள்ளாச்சி_பிளக்இன்:

வணக்கம். நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இதே ஜேவி-1080-ஐ ரோலண்டே சாஃப்ட்வேரா விக்குது. பிளக்இன்னா லேப்டாப்புல போட்டுக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ரெண்டு வரி டிஸ்ப்ளேல கண்ணு நோக வேண்டாம். முக்கியமா, பவானிக்கரை அண்ணா சொன்ன அந்த ஒரே ஈஎஃப்எக்ஸ் பிரச்னை அடியோட போயிடுது. பிளக்இன்னை எத்தனை தடவை வேணும்னாலும் திறக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனி எஃபெக்ட். டிராக் பண்ணித் தர்ற தம்பிக்கு இதுதான் நேரம் மிச்சம்.

பழைய பெட்டி மேல எனக்கும் பாசம் உண்டு. ஆனா அதோட உள் ஓட்டம் 32 கிலோஹெர்ட்ஸ், அதாவது சத்தத்தைச் செகண்டுக்கு 32,000 துண்டாத்தான் எழுதுது; அதுல பாதி அளவு வரைக்கும்தான் சத்தம் வரும். பாதிக்கு மேல, அதாவது 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல அதுல ஒண்ணுமே கிடையாது. சலங்கை, சிம்பல் எல்லாம் ஒரு துணி போத்தின மாதிரி இருக்கும். இன்னைக்கு ஹெட்போன்ல கேக்கற பிள்ளைங்க காதுக்கு அது தெரியும்.


பவானிக்கரை:

தம்பி சொல்றதுல தப்பே இல்ல. டிராக் பண்றதுக்கு மட்டும்னா நானும் சாஃப்ட்வேரைத்தான் சொல்லுவேன்.

ஆனா மேடை வேற. சித்திரை மாசம், ராத்திரி 9 மணிக்குக் கச்சேரி, சாயந்திரம் 4 மணிக்கே தகரப் பந்தல்ல சாமானம் இறக்கி வெச்சாச்சு. ஜெனரேட்டர் மாத்தறப்ப ஒரு வெட்டு வெட்டும். பெட்டி அணைஞ்சு எரியும், சில நொடியில திரும்பி அதே பெர்ஃபார்மன்ஸைக் கூப்பிட்டு வாசிச்சுக்கிட்டே போவேன். லேப்டாப்புல பேட்டரி இருக்கு, அதுக்கு வெட்டு தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஆடியோ கார்டு, யூஎஸ்பி, மிக்ஸர்னு நடுவுல எங்கயாவது ஒண்ணு மறந்துபோய் முழிக்கும். பாட்டு நின்னு போய் 2,000 பேர் பாக்கறப்ப மவுசைத் தேடறது எனக்குச் சம்மதமில்ல.

16,000 ஹெர்ட்ஸ் விஷயம்: நம்ம நோம்பியில மரத்து மேல கட்டற கூம்பு ஸ்பீக்கர் 10,000-த்தைக் கூட நெருங்காது. அங்கே அந்தக் குறை யாருக்கும் தெரியப் போறதில்ல. ரெக்கார்டிங்னா தெரியும். சலங்கையை நிஜமாவே மைக் வெச்சு எடுத்துருங்க, மத்ததுக்கு இந்தப் பெட்டி போதும்.


தறிச்சத்தம்:

குமாரபாளையத்துல ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை வெச்சிருக்கேங்க. பக்கத்துச் சுவத்துக்கு அந்தாண்ட விசைத்தறி. இந்தப் பெட்டியும் லேப்டாப்பும் ரெண்டுமே ஓடுது, அதனால ரெண்டு பக்கமும் பேசலாம்.

64 வாய்ஸ்ங்கறதை யாரும் இன்னும் பேசல. விளம்பரத்துல 64-ன்னு பாத்துட்டு 64 சுரம் ஒரே நேரத்துல வரும்னு நினைச்சுக்காதீங்க. வாய்ஸ்ங்கறது டோன் கணக்கு. நாலு டோன் அடுக்கின பேட்ல ஒரு சுரம் அமுக்கினா நாலு வாய்ஸ் போச்சு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன். இடது கையில 4 சுரம், வலது கையில 3 சுரம், மொத்தம் 7. நாலு டோன் பேட்னா 28 வாய்ஸ். இப்ப கார்டு மாத்தறீங்க. பழைய கார்டோட வால் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அது 28. புதுசு 28. ஆக 56. மிச்சம் 8 வாய்ஸ்ல பேஸ், ரிதம், புல்லாங்குழல் எல்லாம் வாழணும். அங்கதான் திடீர்னு ஒரு அடி விழுங்கிப் போகும், பேஸ்ல ஒரு சுரம் காணாமப் போகும். கேக்கறவனுக்கு என்னன்னு புரியாது, ஏதோ தடுக்கின மாதிரி இருக்கும்.

தீர்வு சுலபம். முன்னாடி டோன் ஸ்விட்ச் நாலு இருக்கு. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. பாதிப் பேட்ச்ல ரெண்டு டோன் அணைச்சாலும் கூட்டத்துக்குள்ள வித்தியாசமே தெரியாது. ரிலீஸ் நேரத்தைக் கொஞ்சம் கொறைங்க. பெர்ஃபார்மன்ஸ்ல வாய்ஸ் ரிசர்வ்னு ஒண்ணு இருக்கு, அதுல ரிதத்துக்கும் பேஸுக்கும் முதல்லயே ஒதுக்கி வெச்சிருங்க. பொங்கலுக்கு அரிசி எடுத்து வெச்ச மாதிரி, யார் வந்து கேட்டாலும் அதைத் தொட முடியாது.

அடுத்தது நேரம். எந்தச் சுரம் அமுக்கினோம்னு பெட்டிக்குச் சொல்ற மிடி வயர்ல செகண்டுக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு சுரம் அனுப்ப மூணு பைட், கிட்டத்தட்ட 1 மில்லி செகண்ட். எட்டு சுரம் ஒரே அடியில விழணும்னு நீங்க எழுதினாலும், கடைசிச் சுரம் 7, 8 மில்லி செகண்ட் தள்ளித்தான் போய்ச் சேரும். அதனால பாட்டைப் பதிஞ்சு ஓட்டற சீக்வென்ஸர்ல ரிதத்தை மேலே வெச்சுக்குவேன், அது முதல்ல போகட்டும். பேட் கொஞ்சம் பின்னாடி வந்தா யாருக்கும் வலிக்காது. கும்மிக்குக் கைத்தட்டு பிசகினா உடனே வலிக்கும்.


காங்கேயம்_கும்மி:

வணக்கம். எனக்கு மெஷின் பத்தித் தெரியாதுங்க. பத்து வருஷமா பிள்ளைகளுக்கும் பெரியவங்களுக்கும் கும்மி சொல்லித் தர்றேன். டிராக் பண்ணித் தர்றவங்க எல்லாரும் இங்க பேசறதால ஒண்ணு சொல்லிக்கறேன்.

அரங்கேற்றத்துல நூறு, இருநூறு பேர் வட்டம் கட்டி நிக்கறாங்க. ஸ்பீக்கர் ஒரு மூலையில. வட்டத்தோட அந்தப் பக்கம் நிக்கற பொண்ணுக்கு முதல்ல கேக்கறது அடி, அப்புறம் சொல். பின்னாடி இழுக்கற ஸ்ட்ரிங்ஸ் கேக்கவே கேக்காது, கேட்டாலும் சொல்லை மூடும். வாத்தியார் பாடற வரி காதுல விழாம போனா வள்ளி எந்தக் கட்டத்துல இருக்கறான்னே பிள்ளைகளுக்குத் தெரியாது, அடவு மாறிடும். ஒரு தடவை எங்களுக்கு வந்த டிராக்குல அப்படித்தான் ஆச்சு. வீட்டுல போன்ல கேட்டப்ப அழகா இருந்தது. மைதானத்துல அரைவட்டம் முன்னாடி, அரைவட்டம் பின்னாடின்னு பிரிஞ்சு போச்சு. ஒரு பிள்ளை அழுதே போச்சுங்க.

அதனால தம்பி, பெட்டி வாங்கினீங்கன்னா சந்தோஷம். கும்மிப் பாட்டுக்கு அந்த இழுப்புச் சத்தத்தைப் பாட்டு நிக்கற இடத்துல மட்டும் வைங்க.


கொடுமுடி_கீபோர்டு:

அக்கா, இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லீங்க. நான் இதுவரைக்கும் பண்ணின ரெண்டு டிராக்குலயும் முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் ஸ்ட்ரிங்ஸ் இழுத்துத்தான் வெச்சிருக்கேன். திருத்தித் தர்றேன்னு அந்தக் குழுவுக்கு இன்னைக்கே சொல்லிடறேன்.

அப்ப பம்பை, தப்பட்டை விஷயம்? கூடுதல் சத்தத்துக்கு உள்ளே மாட்டற வேர்ல்டு போர்டுன்னு ஒண்ணு கிடைச்சா எல்லாம் வருமாங்க?


பவானிக்கரை:

இங்கதான் கண்ணு, மனசைத் திடப்படுத்திக்கோ.

உள்ளே நாலு போர்டு மாட்ட இடம் இருக்கு. எஸ்ஆர்-ஜேவி80 வரிசை, ஒவ்வொண்ணும் 8 எம்பி. நாலும் போட்டு, முன்னாடி இருக்கற பிசிஎம் கார்டும் சொருகினா மொத்தம் 42 எம்பி. அந்த வரிசையில 05-ம் நம்பர் வேர்ல்டு, 14-ம் நம்பர் ஆசியா. சிதார் வரும், தபேலா வரும். அந்தக் காலத்துல நான் ஒரு போர்டு வாங்க மூணு நோம்பிச் சம்பளத்தைச் சேத்து வெச்சேன். இன்னைக்கும் சில போர்டு, பெட்டி விலைக்கே கேக்கறாங்க.

ஆனா தபேலாவுல 'தா' ஒரு தா, 'கே' ஒரு கே. வாசிக்கறவன் உள்ளங்கையை அழுத்தி இடது பக்கத்துல ஒரு வளைவு குடுப்பான் பாரு, அது இதுல இல்ல. ரிதம் செட்டுல ஒரு கட்டைக்கு ஒரே ஒரு அலைவடிவம்தான் வெக்க முடியும். மெல்ல அடிச்சாலும் ஓங்கி அடிச்சாலும் அதே துண்டுதான், சத்தமும் ஃபில்டரும் மட்டும் மாறும். தப்பட்டையில சிம்புக் குச்சி விழறதும் அடிக்குச்சி விழறதும் ரெண்டு வேற உலகம். அதை இதுல தேடினா ஏமாந்து போவே. அதுவும் ரிதம் பார்ட் 10-வதா ஒண்ணுதான். ரிதத்துக்கு, குச்சியால அடிக்கற எலக்ட்ரானிக் ஆக்டோபேட் வாசிக்கற ஆளை வெச்சுக்கோ, இல்லேன்னா நிஜ ஆளைக் கூப்பிட்டு மைக் வை. நம்ம பக்கம் பம்பை அடிக்கறவங்களுக்கா பஞ்சம்? அவங்களுக்கும் ஒரு நாள் கூலி ஆச்சு.

நாதஸ்வரமும் அப்படித்தான். பல கம்பெனிக்கும் பொதுவான ஜிஎம் சத்தப் பட்டியல்ல 112-வதா ஷெனாய் இருக்கு. அதை வெச்சுக் கல்யாண மேடையில நாதஸ்வரம்னு வாசிச்சா, மேளக்காரர் திரும்பிப் பாப்பார். நான் ஒருக்கா வாசிச்சு, அவர் பார்வையைப் பாத்ததுல இருந்து அதை விட்டுட்டேன்.

புல்லாங்குழலுக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன், இது பல வருஷத்துப் பாடம். கீ அசைன்ல சோலோ வை, சோலோ லெகாட்டோ ஆன் பண்ணு. இப்ப ஒரு சுரத்தை விடாம அடுத்ததை அமுக்கினா, ஊதல் மறுபடி தொடங்காம சுருதி மட்டும் மாறும். சுருதியை வளைக்கற பெண்டரோட வீச்சு 2 வை. காந்தாரத்தை நேரா அமுக்காதே. ரிஷபத்தை அமுக்கிப் பெண்டர்ல மேலே ஏத்தி, ஒரு ஆட்டு ஆட்டி, சித்த நேரம் நிறுத்தி, அப்புறம் இறங்கு. எல்எஃப்ஓ வைப்ரேட்டோவைச் சுத்தமா அணைச்சிரு, அந்த ஒரே சீரான நடுக்கம் நம்ம பாட்டுக்கு ஆகாது. உன் கட்டைவிரல்தான் அங்க வாத்தியம். ஆறு மாசம் பழகினா ரெண்டு வரி நம்பற மாதிரி வரும். முழு ஆலாபனை எதிர்பாக்காதே.

நாதஸ்வரக்காரரோட சேந்து வாசிக்கறப்ப இந்தப் பெட்டி ஒரு பெரிய உதவி பண்ணும். அவர் சுருதி ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல எங்கயாவது நிக்கும். அவரைச் சீவாளி மாத்தச் சொல்ல முடியாது. பெட்டியோட மொத்தச் சுருதியை நகர்த்தற மாஸ்டர் டியூன் 427.4-ல இருந்து 452.6 ஹெர்ட்ஸ் வரைக்கும் நகரும், கிட்டத்தட்ட மேலே அரை, கீழே அரை கால்வாசி மாதிரி. அவர் 'ச' ஊதச் சொல்லி, நாம பெட்டியை அவருக்குப் பக்கத்துல கொண்டு போகணும். பெரிய மனுஷன் வாத்தியத்துக்கு நாமதான் இறங்கி வரணும், அது முறையும் கூட.


பொள்ளாச்சி_பிளக்இன்:

அண்ணா, டியூன் அளவை ஒரு சின்னத் திருத்தம். 440-ல இருந்து 452.6-ங்கறது ஏறக்குறைய 50 சென்ட். அதாவது அரைக்கட்டையில பாதி மேலே, பாதி கீழே. ஆக எந்தச் சுருதிக்கு இடையில நின்னாலும் டிரான்ஸ்போஸும் இதையும் சேத்துப் பிடிச்சுடலாம். புதுசாப் படிக்கறவங்க குழம்பக் கூடாதுன்னு சொன்னேன்.

புல்லாங்குழல் விஷயத்தை இன்னைக்கு உக்காந்து பண்ணிப் பாத்தேன், பிளக்இன்லயே. சரியா வந்துச்சு. வைப்ரேட்டோவை அணைச்சதுதான் முக்கியம்.


பவானிக்கரை:

சரிதான் தம்பி, நான் எழுதினது குழப்பமா இருந்தது. நீ சொன்னதே சரி.


கோவை_காயில்:

கனெக்ஷன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல போல. பிஎஸ்ஆர்-ஐ500-ல அஞ்சு முள் மிடி கிடையாது, கம்ப்யூட்டருக்குப் போற யூஎஸ்பி மட்டும்தான். ஜேவியில யூஎஸ்பியே கிடையாது. யூஎஸ்பி-மிடி வயர் ஒண்ணு வாங்கி நடுவுல போட்டா வேலை செய்யாது, ரெண்டு பக்கமும் 'யாராவது கேளுங்க'ன்னு காத்துக்கிட்டே நிக்கும். நடுவுல யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டின்னு தனியா ஒண்ணு வேணும். இல்ல, லேப்டாப் நடுவுல இருக்கணும். அதையெல்லாம் விட, அஞ்சு முள் மிடி அவுட் இருக்கற பழைய கீபோர்டு ஒண்ணு தேடறது மேடைக்கு நல்லது.

வாங்கின முதல் நாள் செய்ய வேண்டியது: பேக்கப். உள்ளே நாணய வடிவ லித்தியம் பேட்டரி ஒண்ணுதான் யூஸர் பேட்ச் 128-ஐயும் தாங்கிப் பிடிச்சிருக்கு. அந்தக் குழு அண்ணா இத்தனை வருஷம் செஞ்ச சவுண்டெல்லாம் அதுக்குள்ளதான். பேட்டரி செத்தா அத்தனையும் போச்சு. திறக்கறதுக்கு முன்னாடி யூட்டிலிட்டியில இருந்து டேட்டாவை மிடி வழியா கம்ப்யூட்டருக்கு எடுத்து வெச்சுக்கங்க. மலிவான வயர்ல எடுத்தா நடுவுல பைட் விழுந்துரும், ரெண்டு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேட்டரி மாத்துங்க. டயல் திருகறப்ப நம்பர் தாவினா கான்டாக்ட் கிளீனர் போதும், பயப்பட ஒண்ணுமில்ல.


கொடுமுடி_கீபோர்டு:

வாங்கிட்டேனுங்க. 12,500-க்கு முடிஞ்சது, டிரான்ஸ்ஃபார்மரோட.

வித்த அண்ணா கடைசியா ஒருக்கா ஹெட்போன் மாட்டி யூஸர் 017-ஐக் கூப்பிட்டார். கையை எடுத்த பொறவும் அந்தப் பேட் மெதுவா அடங்கிக்கிட்டே போச்சு, அடங்கற வரைக்கும் பேசல. அப்புறம் "இதை மட்டும் அழிச்சிராதே தம்பி"ன்னார். வீட்டுக்கு வந்து முதல் வேலையா பேக்கப் எடுத்தேன். ரெண்டு தடவை எடுத்து ஒப்பிட்டேன், சரியா இருக்கு. ஒரு காப்பியை அவர் போனுக்கும் அனுப்பிட்டேன்.

கும்மி டிராக்குல ஸ்ட்ரிங்ஸை எடுத்துட்டு, நிறுத்தற இடத்துல மட்டும் 017-ஐ ரெண்டு டோன் அணைச்சு வெச்சேன். காங்கேயத்து அக்கா, கேட்டுச் சொல்லணுமுங்க.

ஒரு பிரச்னை மட்டும் நிக்குது. ரெக்கார்ட் பண்றப்ப அடியில உம்முன்னு ஒரு ஹம் வருது. லேப்டாப் சார்ஜரைப் புடுங்கினா கொறையுது, ஆனா முழுசாப் போகல.


கோவை_காயில்:

பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்கு ஒட்டி வெச்சிருக்கீங்களா? ஒரு கஜம் தள்ளி வையுங்க, ஆடியோ வயர் அது மேல போகக் கூடாது. அப்படியும் நின்னா எர்த் விஷயம். நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்.


காங்கேயம்_கும்மி:

கேட்டேன் தம்பி. சொல் ஒண்ணு விடாம விழுது. நிக்கற இடத்துல அந்தச் சத்தம் வந்ததும் பிள்ளைங்க தானா மூச்சு விட்டு நின்னாங்க. ரெண்டாவது பாட்டு மட்டும் கொஞ்சம் வேகம் கொறைக்கணும், பெரியவங்களால ஆட முடியல.


தறிச்சத்தம்:

ஹம்முக்கு என் அறையில ரெண்டு வருஷம் போராடியிருக்கேன், தறி ஓடற லைன்ல எல்லாத்தையும் பாத்தாச்சு. பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை குமாரபாளையம் வாங்க தம்பி. அன்னைக்குத் தறி நிக்கும், ஹம் எதுல இருந்து வருதுன்னு காதுலயே கேட்டுடலாம். என் பெட்டியில 05 போர்டு இருக்கு, அதையும் உங்க பெட்டியில மாட்டிப் பாத்துக்கலாம். பவானிக்கரை அண்ணாவும் ஆத்துக்கு அந்தாண்டதானே, வர முடியுமாங்க?


பவானிக்கரை:

பத்து மணிக்கு வந்தர்றேன். என் பெட்டியையும் எடுத்துட்டு வர்றேன், 017-ஐ எனக்கும் ஏத்திக் குடுங்க.